மட் திரும்பாத கிணற்றில் பைபாஸ் சப்: பதினான்கு மாத அனுபவம்

பைபாஸ் சப் என்பது எண்ணெய்க் கிணறு துளைக்கும் பைப்பில் மாட்டும் ஒரு கருவி; மட் என்கிற சேற்றுத் திரவத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அதை வாடகைக்கு எடுக்கலாமா, கொடுக்கும் காசுக்கு ஆகுமா என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூன்று பேரும் வளைகுடாப் பக்கம் ரிக்கில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள். போனில் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன். லாஸ் வரும், அதாவது மட் மேலே திரும்பாமல் பாறைக்குள் போய்விடும் என்று தெரிந்தே ஒரு பாறையைத் துளைக்கப் போகிறீர்கள் என்றால் எடுங்கள், யோசிக்க வேண்டாம். ஆனால் சப்பை மூடுவதற்காகப் பெட்டியில் வரும் இரும்புக் குண்டுகளை நீங்களே உட்கார்ந்து எண்ணுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரன். நரிமணத்து எண்ணெய்க் கிணறுகளைச் சைக்கிளில் போய் வேடிக்கை பார்த்து வளர்ந்தவன். பதினேழு வருடமாக மட் இன்ஜினியர் வேலை. கடைசி ஆறு வருடம் தென் இராக்கில், பஸ்ராவுக்கு மேற்கே. இந்த சப்பைப் பதினான்கு மாதத்தில் ஆறு கிணறுகளில் இறக்கி, பதினொரு முறை திறந்து மூடியிருக்கிறோம். அந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதுகிறேன். வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் கிணற்றுக்காரர்களின் பெயரும் இதில் வராது.

இன்னொரு விஷயம். பாறையைக் கடிக்கும் பிட்டும், மட் நிற்கும் பிட்டும் தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. அதனால் முதலாவதைத் துளைமுனை என்றும் இரண்டாவதைத் தொட்டி என்றும் எழுதுகிறேன்.

இந்த வேலையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது மட் பம்பு பைப்புக்குள்ளே மட்டைத் தள்ளும். அது துளைமுனையின் நாசில் (சிறு துவாரம்) வழியாகப் பீய்ச்சி, வெட்டிய பாறைத்தூளை அள்ளிக்கொண்டு, பைப்புக்கும் குழிச்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மேலே ஏறி, ஷேக்கர் என்கிற ஆடும் சல்லடையில் வந்து விழும். சலித்த மட் திரும்பத் தொட்டிக்குப் போகும். கிணற்றைக் கட்டிப் பிடித்திருப்பதே அந்த மட்டின் எடைதான். பாறையில் விரிசலோ பொந்தோ இருந்தால், அல்லது நாம் கொடுக்கும் அழுத்தமே பாறையைப் பிளந்துவிட்டால், மட் மேலே வராமல் பாறைக்குள் போய்விடும். இதைத்தான் லாஸ் என்கிறோம். மணிக்கு 10 பேரலுக்குள் என்றால் கசிவு, சமாளித்துக்கொண்டே துளைக்கலாம். 100 பேரலைத் தாண்டினால் கடுமை. ஒரு பேரல் 159 லிட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஷேக்கரில் ஒரு சொட்டும் விழவில்லை என்றால் டோட்டல் லாஸ்.

பஸ்ராவுக்கு மேற்கே ருமைலா எண்ணெய் வயல் வட்டாரத்தில் துளைத்தவர்களுக்கு மூன்று பாறை அடுக்குகளின் பெயர்கள் மனப்பாடம். சுமார் 450 மீட்டரில் தம்மாம். 1,500, 1,600 மீட்டர் வாக்கில் ஹார்த்தா. இன்னும் ஆழத்தில் ஷுஐபா. மூன்றுமே கார்பனேட் (சுண்ணாம்பு வகை) பாறை, மூன்றும் மட் குடிக்கும். இதில் எனக்குப் பயம் ஹார்த்தாதான். அதற்கு மேலே தயாராத் என்று ஒரு அடுக்கு இருக்கிறது, அதில் கந்தகத் தண்ணீர். ஹார்த்தா மட்டைக் குடித்து இடைவெளியில் மட்டம் இறங்கினால், தயாராத்தின் மேல் இருக்கும் பாரம் குறையும். பாரம் குறைந்தால் அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள் வரும், கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் வரும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்து அந்த வாடையும் தெரியாது. ஆகவே லாஸ் என்பது மட் வீணாகும் கணக்கு மட்டும் கிடையாது. ரிக் மேலே நிற்கும் ஆட்களின் உயிர்க் கணக்கும் அதில் இருக்கிறது.

எங்கள் ஊரில் வாய்க்கால் உடைப்பு எடுத்தால் அப்பா என்ன செய்வார் என்று பார்த்திருக்கிறேன். வெறும் மண்ணைக் கொட்டினால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். முதலில் மூங்கில் முளை அடிப்பார். முளைக்கு நடுவே வைக்கோலைத் திணிப்பார். அதற்கு அப்புறம்தான் களிமண். லாஸ் அடைக்கிற எல்சிஎம் கலவைக்கும் அதே முறைதான். உடைத்த வால்நட் ஓடும் பருமனான கால்சியம் கார்பனேட்டும் முளை மாதிரி. நார் வைக்கோல் மாதிரி. நைசான கார்பனேட் களிமண் மாதிரி. முளை இல்லாமல் வைக்கோல் நிற்காது. விரிசலின் வாய் எவ்வளவு அகலமோ அதில் மூன்றில் ஒரு பங்குக்காவது துகள் இருக்க வேண்டும் என்பது மட் இன்ஜினியர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. அதற்குக் குறைவான பொடியை எத்தனை மூட்டை கொட்டினாலும் பாறை வாங்கிக்கொண்டே இருக்கும்.

சிக்கல் இங்கேதான். பருமனான துகளைக் கீழே அனுப்ப நம்மிடம் உள்ள ஒரே வழி பைப். பைப்பின் அடியில் எம்டபிள்யூடி (துளைக்கும்போதே அளவெடுத்து மேலே சிக்னல் அனுப்பும் கருவி) இருக்கிறது, துளைமுனையைச் சுழற்றும் மோட்டார் இருக்கிறது, கடைசியில் விரல் நுழையும் அளவு நாசில்கள் இருக்கின்றன. அடைக்க வேண்டிய விரிசல் பெரிது, அதற்கு மருந்து போகும் வழி சிறிது.

சப் இல்லாத காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஹார்த்தாவில் 12¼ அங்குலத் துளை. டோட்டல் லாஸ். மீடியம் வால்நட் போட்ட கலவை இரண்டு முறை அனுப்பியும் ஒன்றும் ஆகவில்லை. பருமனானதைப் பைப் வழியாகவே அனுப்பிப் பார்க்கலாம் என்று முடிவானது. அந்த முடிவுக்கு நானும் தலையாட்டினேன், அது என் தவறு. கலவை கீழே போய்ச் சேர்ந்த சில நிமிடத்தில் அழுத்த முள் செங்குத்தாக ஏறியது. எம்டபிள்யூடியில் சிக்கி, நாசிலையும் அடைத்துக்கொண்டது. பம்பு ஓட்ட வழியில்லை. முழு ஸ்ட்ரிங்கையும் (கிணற்றுக்குள் இருக்கும் பைப் தொடர்) மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அடி அடைத்துக்கொண்டதால் பைப்புக்குள் இருந்த மட் வடியவே இல்லை. ஒவ்வொரு ஸ்டாண்டையும் (சில பைப்புகள் சேர்ந்த துண்டு) கழற்றும்போது உள்ளே இருந்த மட் முழுவதும் ரிக் தளத்தில் பையன்கள் மேல் கொட்டியது. ஜனவரி மாதம், பாலைவனத்துக் குளிர். ஒன்றரை நாள் அப்படி. அந்த ஒன்றரை நாளும் மேலிருந்து தண்ணீர் ஊற்றி மட்டத்தைத் தாங்கிப் பிடித்தோம், கேஸ் அலாரம் எப்போது கத்தும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். அடுத்த கிணற்றுத் திட்டத்தில் பைபாஸ் சப் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது அந்த ஒன்றரை நாளால்தான்.

சரி, பொருளுக்கு வருவோம்.

வெளியே பார்த்தால் மூன்று மீட்டருக்கும் குறைவான ஒரு இரும்புத் துண்டு, டிரில் காலர் (அடியில் மாட்டும் தடித்த கனமான பைப்) மாதிரியே இருக்கும். பக்கவாட்டில் எதிரெதிராக இரண்டு துவாரம். உள்ளே ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு குழல் அந்தத் துவாரங்களை மூடியிருக்கும். அதன் அடியில் குண்டு பிடிக்கும் கூண்டு. இதை எம்டபிள்யூடிக்கும் மோட்டாருக்கும் மேலே மாட்ட வேண்டும். சாதாரணமாகத் துளைக்கும்போது மட் இதன் நடுவாக நேரே போகும், இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

லாஸ் வந்தால் பைப்பைக் கழற்றி, பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பந்தை உள்ளே போடுவோம். பம்பை மெதுவாக ஓட்டினால் பந்து இறங்கிக் குழலின் வாயில் உட்காரும். அழுத்தம் ஏறும், குழல் கீழே நகரும், பக்கத் துவாரங்கள் திறக்கும். இனி மட் எல்லாம் பக்கவாட்டில் போகும். கீழே இருக்கும் எம்டபிள்யூடிக்கோ நாசிலுக்கோ ஒரு துகளும் போகாது. எவ்வளவு பருமனான வால்நட் வேண்டுமோ அவ்வளவும் அனுப்பலாம். வேலை முடிந்ததும் கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரிய இரண்டு இரும்புக் குண்டுகளைப் போட வேண்டும். ஓட்டம் அவற்றை இழுத்துப் போய் இரண்டு துவாரத்தையும் அடைக்க வைக்கும். மட்டுக்குப் போக வழியில்லை, அழுத்தம் ஏறும், பிளாஸ்டிக் பந்து நசுங்கிக் குழலைத் தாண்டிக் கூண்டில் விழும். பின்னாலேயே இரும்புக் குண்டுகளும் விழும். ஸ்பிரிங் குழலை மேலே தள்ளித் துவாரத்தை மூடும். பழையபடி துளைக்க ஆரம்பிக்கலாம். பைப்பை மேலே எடுக்க வேண்டிய வேலையே இல்லை. எங்களுக்கு வந்த கூண்டில் ஐந்து முறைக்கு இடம் இருந்தது.

முதன்முதலாகத் திறந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. 1,560 மீட்டர் பக்கம். மட் எடை தண்ணீரைப் போல 1.14 மடங்கு. ஷேக்கர் பக்கம் நின்ற காரைக்கால் தம்பி ரேடியோவில், "அண்ணே, ரிட்டர்ன் பாதியா கொறைஞ்சிருச்சு" என்றான். நான் தொட்டி மட்டத்தைப் பார்ப்பதற்குள், "சுத்தமா நின்னுருச்சு அண்ணே" என்றான். துளைக்கும் இயந்திரத்தை இயக்கும் டிரில்லர் உடனே துளைமுனையை அடியிலிருந்து தூக்கி, சப்பின் துவாரம் லாஸ் இடத்துக்கு மேலே வரும் வரை பைப்பை எடுத்தார். இது முக்கியம். துவாரம் துளைமுனைக்கு 25, 30 மீட்டர் மேலே இருக்கிறது. அடியிலேயே நின்றுகொண்டு திறந்தால் மருந்து எங்கேயோ போகும், நம்ம கருவிகளைச் சுற்றியே துகள் உட்கார்ந்து பைப் சிக்கிக்கொள்ளும்.

கலவை 60 பேரல். பேரலுக்கு 25 பவுண்டு பருமனான வால்நட், 20 பவுண்டு மீடியம் வால்நட், 25 பவுண்டு கார்பனேட் பல அளவில், 10 பவுண்டு நார். கூட்டினால் 80 பவுண்டு, மொத்தம் இரண்டு டன்னுக்கு மேல். நடு ராத்திரியில் கிட்டத்தட்ட 90 மூட்டையை ஹாப்பரில் (மட்டில் பொடி கலக்கும் புனல்) பிரித்துக் கொட்ட வேண்டும். நான், காரைக்கால் தம்பி, இரண்டு இராக்கிப் பையன்கள். வால்நட் ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் வெல்லத்தூள் நிறத்தில், முனை முனையாகக் குத்தும். அந்த முனைதான் விரிசலில் பிடித்து நிற்கிறது. பம்பின் உறிஞ்சு பக்கத்து வலையை முன்னாலேயே எடுத்துவிட்டோம். இல்லையென்றால் கீழே அடைக்க வேண்டியது பம்பிலேயே அடைத்துக்கொள்ளும்.

பந்தைப் போட்டோம். அது உட்கார்ந்ததற்கு அடையாளமாக முள் ஏறி, துவாரம் திறந்ததும் விழ வேண்டும். விளக்கப் படத்தில் அப்படித்தான் காட்டுவார்கள். டோட்டல் லாஸில் அப்படித் தெளிவாகத் தெரியாது, இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இடைவெளியில் மட்டம் எங்கேயோ கீழே கிடப்பதால் பைப்புக்குள் இருக்கும் மட் கூடத் தானாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. மெதுவாக ஓட்டினால் முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்கும். அதனால் பைப்பின் கொள்ளளவை முன்னாலேயே கணக்குப் போட்டு, பம்பு ஸ்ட்ரோக்கை எண்ணுங்கள். பந்து போய்ச் சேரும் ஸ்ட்ரோக் நெருங்கும்போது ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். எங்களுக்குக் கணக்குப்படி வர வேண்டிய இடத்துக்கு 40 ஸ்ட்ரோக் தள்ளி முள் ஒரு துள்ளு துள்ளி விழுந்தது. ஒரு நொடி கண்ணை எடுத்திருந்தால் தவறவிட்டிருப்போம்.

முதல் கலவை போய், மூன்று மணி நேரம் காத்திருந்து, மேலிருந்து நிரப்பினோம். மட்டம் ஏறியது, ஆனால் நிற்கவில்லை. இரண்டாவது கலவை அனுப்பினோம். விடிகாலையில் தம்பி ரேடியோவில் "வருது அண்ணே" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. இரும்புக் குண்டுகளைப் போட்டு மூடினோம். மணிக்கு 8 பேரல் கசிவோடு மறுபடி துளைக்க ஆரம்பித்தோம். முந்தைய கிணற்றில் ஒன்றரை நாள் பைப் எடுத்ததை நினைத்துப் பார்த்தால், இந்தக் கருவிக்கு என்ன வாடகை கேட்டாலும் தகும் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அதில் பெரிய மாற்றம் இல்லை.

இனி குறைகள்.

முதல் குறை சேவையில். இரண்டாவது கிணற்றில் மூடும்போது இரண்டு இரும்புக் குண்டும் போட்டோம், அழுத்தம் ஏறவில்லை. மூன்றாவதாக ஒன்று போட்டதும் மூடிக்கொண்டது. அது பரவாயில்லை, அப்படி ஆகும் என்றுதான் உபரி குண்டு கொடுக்கிறார்கள். ஆனால் மறுநாள் திரும்ப லாஸ் வந்து பெட்டியைத் திறந்தால், ரசீதில் உள்ளதை விட இரண்டு குண்டு குறைவு. உள்ளே ஒன்றுதான் பாக்கி. ஒரு குண்டை வைத்துக்கொண்டு சப்பைத் திறந்தால் மூட முடியாது. வாடகைக்குக் கொடுத்தவர்களின் யார்டிலிருந்து குண்டு வண்டியில் வந்து சேர மூன்று மணி நேரம். அதுவரை தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றோம். வந்த டெக்னீஷியன் நல்ல பையன், முந்தைய ரிக்கில் செலவானதை யாரோ நிரப்பவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம் பெட்டி சீல் வைத்து, எண்ணிக்கைத் தாளோடு வருகிறது. ஆனாலும் நான் எண்ணாமல் கையெழுத்துப் போடுவதில்லை.

இரண்டாவது, பந்து போகும் பாதை. சப்புக்கு மேலே மாட்டும் ஒவ்வொரு துண்டிலும் அந்தப் பந்து நுழைய வேண்டும். சிக்கிய பைப்பை உதறி விடுவிக்கும் ஜார், இரண்டு வகைப் பைப்பை இணைக்கும் கிராஸ்ஓவர், மேலிருந்து பைப்பைச் சுழற்றும் டாப் டிரைவுக்குக் கீழே உள்ள சேவர் சப், எல்லாம். தாளில் உள்ள அளவை நம்பி விடாதீர்கள். நான் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு பைப் ரேக்கில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். ஒரு கிராஸ்ஓவரில் நடுவிலேயே நின்றுவிட்டது. அந்தத் துண்டு கிணற்றுக்குள் போயிருந்தால், லாஸ் வந்த நேரத்தில் பந்து பாதி வழியில் பைப்பை அடைத்திருக்கும்.

பந்தைக் கன்டெய்னரில் போட்டு வைக்காதீர்கள். பஸ்ரா கோடையில் 50 டிகிரியைத் தொடும், கன்டெய்னருக்குள் கேட்கவே வேண்டாம். பந்து நசுங்கும் அழுத்தம் அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் என் ஏசி கேபினில் மேசைக்குக் கீழே வைத்திருக்கிறேன். கிணற்று அடி வெப்பம் அதிகம் என்றால் அதற்கென்று தனிப் பந்து இருக்கிறது, முன்னாலேயே கேட்டு வாங்குங்கள்.

துவாரம் திறந்திருக்கும்போது கீழே உள்ள கருவிகளுக்கு மட் ஓட்டமே கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. டிரில்லரிடம் பைப்பை நிறுத்தாமல் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். எங்கள் நாலாவது கிணற்றில் கொஞ்ச நேரம் நின்றதற்கே 20 டன் கூடுதலாக இழுத்துத்தான் விடுபட்டது.

அப்புறம், தம்மாமுக்காக மட்டும் இதை எடுக்கச் சொல்ல மாட்டேன். அங்கே பொந்து பெரிது, எந்த வால்நட் ஓடும் நிற்காது. பேசாமல் தண்ணீரை அனுப்பிக்கொண்டே குருட்டுத்தனமாகத் துளைத்து, தூளைப் பொந்துக்கே கொடுத்துவிட்டு, கேசிங் (குழிச்சுவரைத் தாங்கும் இரும்புக் குழாய்) இறக்கி சிமென்ட் போடுவதுதான் வழி. நடுவில் சிமென்ட் பிளக்கும் (சிமென்ட் அடைப்பு) தேவைப்படலாம். அங்கே ஒரு முறை சப் வழியாக மூன்று கலவை அனுப்பிப் பார்த்தோம், 250க்கும் மேல் மூட்டை செலவு, மட்டம் ஒரு மீட்டர்கூட ஏறவில்லை. தம்மாம் பகுதிக்கு வாடகை கட்டாமல் ஹார்த்தா பகுதிக்கு மட்டும் வரவழைக்கலாம். வாடகை சும்மா கிடந்தாலும் நாள் கணக்கில் ஓடும், ஒவ்வொரு முறை திறப்பதற்கும் தனிக் கட்டணம். ஒப்பந்தத்தில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினொரு முறையில் ஒன்பது முறை சொன்னபடி திறந்து மூடியது. ஒரு முறை மூன்றாவது குண்டு தேவைப்பட்டது, மேலே சொன்னேன். ஒரு முறை மூடியதற்கு அடையாளமே தெரியாமல், எம்டபிள்யூடி சிக்னல் திரும்பி வந்ததை வைத்துத்தான் உறுதி செய்துகொண்டோம்.

கடைசிக் கிணறு முடிந்து சப் மேலே வந்ததும் ரேக்கில் வைத்துக் கூண்டைத் திறந்தோம். தம்பி ஹோஸ் பிடித்துக் கழுவினான். வால்நட் ஓடும் நாரும் கலந்த சேற்றோடு ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. பிளாஸ்டிக் பந்துகளின் இடுப்பில் பெல்ட் கட்டிய மாதிரி நசுங்கின தடம். இரும்புக் குண்டில் ஒரு கீறல் இல்லை. அவன் சாக்கில் வரிசையாக அடுக்கி வாய்விட்டு எண்ணினான். பிளாஸ்டிக் இரண்டு, இரும்பு நாலு. போட்டது எத்தனையோ அத்தனையும் வந்திருந்தன.